தனுஷ்கோடி ரயில் நிலையம் யாருடைய நினைவுச் சின்னம்?

தனுஷ்கோடிக்குப் போகும் சுற்றுலாப் பயணிகள் அநேகமாக எல்லோரும் அங்கே இடிந்து நிற்கும் ரயில் நிலையத்தின் முன் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் காதில் விழும் கதை ஒன்றுதான்: 1964 டிசம்பர் 22 நள்ளிரவு, பெரும்புயல், கடலோடு போன ஒரு பயணிகள் ரயில். அந்தக் கதை உண்மை, சொல்லப்பட வேண்டியது. ஆனால், 1914 முதல் அரை நூற்றாண்டுக் காலம் இயங்கிய ஒரு நிலையத்தை நாம் அதன் கடைசி இரவைக் கொண்டே நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகள் அங்கே யாருக்காக ரயில் வந்தது, அந்த நடைமேடையில் இறங்கியவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்பதில்லை.

கேட்டால், தமிழ்ச் சமூகத்தின் பெரும் வரலாறு ஒன்று விரியும். இலங்கையின் தேயிலை, ரப்பர் தோட்டங்களில் உழைக்கப் போன லட்சக்கணக்கான தமிழர்களுக்குத் தாய்மண்ணின் கடைசி நிலையம் அது. இன்றைய மலையகத் தமிழர் பலரின் பாட்டன், பாட்டிகள் அந்த மணல்திட்டில்தான் கப்பல் ஏறினார்கள். ஆகவே தனுஷ்கோடி புயலின் நினைவிடமாக மட்டும் இருந்துவிடக் கூடாது. உழைப்பாளர் இடப்பெயர்வின் நினைவிடமாகவும் அதை அறிவித்துப் பாதுகாக்க வேண்டும்.

ரயிலுக்கு முந்தைய பாதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர்கள் இலங்கையின் மலைகளில் காப்பி பயிரிடத் தொடங்கியபோது, அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களில் பஞ்சமும் சாதிக் கொடுமையும் நிலமின்மையும் ஆள்களைத் தந்தன. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம் பகுதிகளிலிருந்து, தோட்டங்களுக்கு ஆள் திரட்டும் கங்காணிகள் கூட்டம் கூட்டமாக மக்களைக் கடற்கரைக்கு அழைத்துவந்தார்கள். பாய்மரத் தோணியில் மன்னார்க் கரை. அங்கிருந்து மாத்தளை வரை காட்டுவழியில் இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் நடை. காலராவும் மலேரியாவும் பசியும் அந்தப் பாதை நெடுகிலும் உயிர்களைப் பறித்தன.

காப்பி அறுவடைக்குக் குறிப்பிட்ட மாதங்களில் ஆள் இருந்தால் போதும். வேலை முடிந்ததும் பலர் ஊர் திரும்பிவிடுவார்கள். 1869-ல் தொடங்கிய இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழித்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும். அதனால் குடும்பத்தோடு ஆள் வேண்டும். போகிறவர்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயக் காம்பராக்களிலேயே தங்கி வாழவும் வேண்டும். பருவத்துக்கு வந்துபோன தொழிலாளர் கூட்டம் குடியேறிய சமூகமாக மாறியது இப்படித்தான். இத்தனை பெரிய மக்கள்திரளை விரைவாகவும், நோயைத் தடுத்தும், தோட்ட முதலாளிக்கு இழப்பு இல்லாமலும் கடத்த ஒரு நிலையான வழி தேவைப்பட்டது. தனுஷ்கோடி நிலையம் பிறந்ததற்கு இந்தத் தேவையும் ஒரு முக்கியக் காரணம்.

ஒரே சீட்டில் கொழும்பு

மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் பாதை 1902-ல் வந்தது. அதற்கு அப்பால் பாம்பன் கால்வாய். இலங்கைக் கப்பலோடு இணையும் போட் மெயில் ரயில் அப்போது தூத்துக்குடிக்குத்தான் ஓடியது. அங்கிருந்து கொழும்புக்கு நீண்ட கடல் பயணம். இரண்டு நாடுகளும் மிக நெருங்கி நிற்கும் இடம் ராமேஸ்வரம் தீவின் தென்கிழக்கு முனை என்பதால், அங்கே ரயிலைக் கொண்டுபோகத் தென்னிந்திய ரயில்வே முடிவெடுத்தது. மணல்திட்டுகளின் மீதே பாலம் அமைத்து இலங்கை வரை தண்டவாளம் போடும் யோசனைகூட அக்காலத்தில் பரிசீலிக்கப்பட்டது. செலவு தாங்காது என்பதால் ரயில், கப்பல், மறுபடியும் ரயில் என்ற ஏற்பாடு இறுதியானது.

1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளம். நடுவே கப்பல்கள் போக இரண்டாகப் பிரிந்து மேலெழும் தூக்குப் பகுதி. சில நாள்களிலேயே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. எழும்பூரில் எடுக்கும் ஒரே பயணச்சீட்டில் கொழும்பு வரை போகலாம். தனுஷ்கோடியில் ரயில் கப்பல்துறை வரைக்கும் போகும். இறங்கிச் சில அடிகள் நடந்தால் கப்பல். கடலில் சுமார் இரண்டு மணி நேரம். தலைமன்னார் துறையில் இலங்கை ரயில் காத்திருக்கும்.

வெறும் மணலாக இருந்த இடத்தில் ஒரு நகரம் எழுந்தது. ரயில்வே குடியிருப்பு, மருத்துவமனை, அஞ்சலகம், தந்தி அலுவலகம், சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகம், பள்ளிக்கூடம், தேவாலயம், கோயில், யாத்ரீகர் சத்திரம் எல்லாம் வந்தன. பவளப்பாறைக் கற்களை அடுக்கிச் சுண்ணாம்பு பூசிக் கட்டப்பட்ட சுவர்கள் அவை. இன்றும் மிச்சமிருக்கும் சுவர்களில் அந்தக் கற்களின் துளைகளைக் காணலாம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரம் நிலையத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் ரயிலிலிருந்து நாளிதழ்க் கட்டுகளை வெளியே எறிவார்கள். அவற்றை எடுக்க உதவியதுதான் தனது முதல் சம்பாத்தியம் என்று ராமேஸ்வரத்துக்காரரான முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தன் சுயசரிதையான ‘அக்னிச் சிறகுக’ளில் பதிவு செய்திருக்கிறார். அந்தத் தீவின் அன்றாட வாழ்க்கை இந்தத் தண்டவாளத்தோடு எவ்வளவு பிணைந்திருந்தது என்பதற்கு அவருடைய சிறுவயதே சாட்சி.

மண்டபத்தில் நின்ற மூன்றாம் வகுப்பு

வசதி படைத்த பயணி போட் மெயிலில் தூங்கி எழுந்து, கப்பலில் காலைக் காற்று வாங்கிக்கொண்டு கொழும்பு போனார். தோட்டத்துக்குப் போகிறவரின் பயணம் அப்படி இல்லை. அவர் மண்டபத்தில் இறக்கப்பட்டார். அங்கே இலங்கை அரசு இந்திய மண்ணிலேயே நடத்திவந்த ஒரு முகாம் இருந்தது. ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் ஒரு வாரம் அளவுக்கு அதில் அடைத்து வைக்கப்பட்டார்கள். உடல் சோதனை, அம்மைத் தடுப்பூசி, துணிமணிகளுக்கு மருந்துப் புகை. காலராவோ அம்மையோ இல்லை என்று தெரிந்த பிறகே பாம்பன் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடிக்கு அனுப்பப்பட்டார்கள்.

தொழிலாளியின் பயணச் செலவைத் தோட்டம் ஏற்கும். அதைத் தொழிலாளியின் கணக்கில் கடனாக எழுதிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்பதைக் காட்டும் தகர வில்லை ஒன்று அவர் கழுத்திலோ கையிலோ இருக்கும். அப்படிக் கடன் எழுதப்பட்டவர், முதல் நாள் கூலி வாங்கும் முன்பே கடன்பட்டவராகத்தான் கப்பல் ஏறினார். தலைமன்னாரில் இறங்கியதும் ரயிலிலேயே மலையடிவாரம் வரை போய்விடலாம் என்பது முந்தைய தலைமுறைக்குக் கிடைக்காத நிம்மதி. பழைய காட்டுவழி நடையின் துயரம் இந்த ரயில் பாதையில் இல்லை. அதற்காக அதைப் பாராட்டத்தான் வேண்டும். அதே பாதை ஒரு மக்கள்திரளை எண்ணாகவும் சரக்காகவும் நடத்திய அமைப்பின் பகுதியாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

போனவர்கள் எல்லோரும் போனவர்களாகவே இருந்துவிடவில்லை. கல்யாணத்துக்கும் குலசாமி கும்பிடவும் பெற்றோரைப் பார்க்கவும் இதே நிலையத்தின் வழியாக ஊருக்கு வந்தார்கள். வாங்கிய காணி நிலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். புதுக்கோட்டை, திருச்சி வட்டாரக் கிராமங்களில் ‘கண்டிச் சீமைக்குப் போன குடும்பம்’ என்ற அடையாளம் தலைமுறைகள் தாண்டியும் பேச்சில் இருக்கிறது. உறவு அறுபடாமல் காத்தது அந்த ஒற்றைத் தண்டவாளமும் இரண்டு மணி நேரக் கப்பலும்.

கடலுக்கு முன்பே மூடிய கதவு

தனுஷ்கோடியை அழித்தது புயல் என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்த நிலையத்தின் உயிரோட்டம் புயலுக்கு முன்பே குறையத் தொடங்கிவிட்டது. இலங்கையில் இந்தியத் தொழிலாளர்களுக்கு எதிரான நடவடிக்கைகள் தொடங்கியதும், 1939-ல் இந்திய அரசு அங்கே தொழிலாளர்கள் புதிதாகச் செல்வதற்குத் தடை விதித்தது. விடுதலைக்குப் பின் இலங்கை நாடாளுமன்றம் 1948-ல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்து அவர்களின் வாக்குரிமையும் போனது. கடவுச்சீட்டும் விசாவும் வந்தன. அதுவரை ஒரே சீட்டில் கடந்த கடல், இரண்டு நாடுகளின் எல்லையாக இறுகியது.

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகவும் இந்த நாடற்றவர்களைப் பற்றி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கணக்கில் இருந்தவர்கள் 9,75,000 பேர். அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். சம்பந்தப்பட்ட மக்களிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. தமிழகத்திலும் மலையகத்திலும் தலைவர்கள் எழுப்பிய எதிர்ப்புக்கும் மதிப்பு இருக்கவில்லை.

எட்டு வாரங்கள்கூட முடியவில்லை. டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து 11.55 மணிக்குப் புறப்பட்ட 653 எண் பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கியபோது பேரலை அதை அடித்துச் சென்றது. அதிகாரபூர்வக் கணக்குப்படி 110 பயணிகள், ரயில்வே ஊழியர் 5 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. சீட்டில்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இதைவிட அதிகம் என்று அப்போதே பேசப்பட்டது. தந்தியும் தொலைபேசியும் அறுந்துபோனதால், என்ன நடந்தது என்பது வெளியுலகுக்குத் தெரியவே இரண்டு நாள் ஆனது. இந்தியாவிலும் இலங்கையிலுமாக அந்தப் புயல் சுமார் 1,800 உயிர்களைக் கொண்டுபோனது.

46 நாளில் பாலம். நிலையம் என்ன ஆனது?

பாம்பன் பாலத்தின் 126 இரும்புத் தூலங்கள் கடலில் விழுந்தன. தூக்குப் பகுதி மட்டும் தப்பியது. பாலத்தைச் சீரமைக்க ஆறு மாதம் ஆகும் என்று கணக்கிட்டார்கள். இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் தலைமையில், மீனவர்களின் துணையோடு கடலுக்கடியில் கிடந்த தூலங்களைத் தேடி எடுத்து, 46 நாளில் வேலையை முடித்தார்கள். இந்திய ரயில்வேயின் வரலாற்றில் பெருமையோடு சொல்லப்படும் சாதனை இது.

ஆனால், பாம்பனைத் தாண்டி தனுஷ்கோடிக்கான பாதை மறுபடியும் போடப்படவே இல்லை. ஊர் மனிதர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாற்றப்பட்டது. கடலின் சீற்றம் இதற்குப் போதுமான காரணம்தான். எனினும் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். ராமேஸ்வரத்துக்கு யாத்ரீகர் வருகிறார்கள். ஆகவே பாலம் அவசரமாக வேண்டும். தனுஷ்கோடியின் பயணி அதற்குள் இரு அரசுகளின் கோப்புகளில் வெறும் எண்ணாகிவிட்டார். அவருக்காக ஒரு நிலையத்தை மீட்க வேண்டும் என்ற அவசரம் இரு அரசுகளுக்கும் இருக்கவில்லை.

ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பிறகு தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலில் வந்தார்கள். மலையகத்திலிருந்து அவர்களைத் துறைமுகத்துக்கு ஏற்றிச் சென்ற ரயிலுக்கு அங்குள்ள மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர் வைத்தார்கள்; கோச்சி என்றால் ரயில். பிரிந்து போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் ஒவ்வொரு நிலையத்திலும் கதறி அழுததால் வந்த பெயர் அது. இப்படி வந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரில் பலருக்கு இந்தியாவில் முதல் தங்குமிடம் மண்டபம் முகாம். பாட்டனை அனுப்பிவைக்கும் முன் அடைத்துவைத்த அதே மண்டபத்தில், பேரன் பேத்திகள் திரும்பி வந்து வரிசையில் நின்றார்கள். பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரி பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து தப்பி வந்த தமிழ் அகதிகளுக்கும் மண்டபமே முதல் நிழல்.

இலங்கையின் உள்நாட்டுப் போரால் கப்பலும் நின்றது. 1990-ல் தலைமன்னார் ரயில் பாதையும் மூடப்பட்டது. போர் முடிந்தபின் இந்திய உதவியோடு அந்தப் பாதை மீண்டும் அமைக்கப்பட்டு, 2015 மார்ச்சில் திறக்கப்பட்டது. எதிர்க்கரையில் தலைமன்னார் துறைக்கு மறுபடியும் ரயில் வந்தது. நம் கரையில் இடிபாடு நிற்கிறது.

நினைவைக் காப்பாற்ற வழி இருக்கிறது

2019-ல் ராமேஸ்வரம்-தனுஷ்கோடி இடையே சுமார் 17 கிலோமீட்டருக்குப் புதிய ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சூழலைக் காரணம் காட்டி மாநில அரசு எதிர்ப்புத் தெரிவித்ததால் திட்டம் நகரவில்லை. அது நகராமல் இருப்பதே நல்லது. இருபுறமும் கடல் அரிக்கும் ஒடுங்கிய மணல்திட்டு அது. பூநாரைகள் வந்து தங்கும் அந்தப் பகுதியை 2025-ல் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்திருக்கிறது. 2017-ல் திட்டின் முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்த பிறகே வாகன நெரிசலும் குப்பையும் பெருகிவிட்டன. எந்த ஊரில் மனிதர் வாழ முடியாது என்று அரசே அறிவித்ததோ, அந்த ஊருக்குச் சுற்றுலாவுக்காகத் தண்டவாளம் போடுவது அறிவுடைமை ஆகாது. அங்கே தேவைப்படுவது புதிய ரயில் அல்ல, பழைய நிலையத்தின் நினைவு.

இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயியில் ‘ஆப்ரவாசி காட்’ என்ற இடம் இருக்கிறது. 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறங்கிப் பதிவு செய்யப்பட்ட துறை. மிஞ்சியிருப்பவை சில கட்டடப் பகுதிகளும் படிக்கட்டுகளும்தான். அந்த நாடு அவற்றைக் கண்ணாகக் காத்து, 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெறச் செய்தது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2-ஐ விடுமுறை விட்டு அந்த மக்களை நினைவுகூர்கிறது. தொழிலாளியின் காலடி பட்ட கல்லுக்கு அரண்மனைக் கல்லுக்குள்ள மதிப்பைக் கொடுத்த நாடு அது.

எதிர்க்கரையில் இருப்பவர்களும் மறக்கவில்லை. மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை ஒட்டி, 2023-ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியில் மலையக மக்கள் நடைபயணம் போனார்கள். உரிமையும் மரியாதையும் கேட்டு நடந்த பயணம் அது. அவர்கள் நடக்கத் தொடங்கியது தலைமன்னாரில். அவர்களின் முன்னோர் நடக்கத் தொடங்கியதோ தமிழக மண்ணில். அந்தப் பயணத்தின் இந்தப் பக்கத்து அத்தியாயத்தை எழுத வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

தமிழக அரசும் ரயில்வேயும் தொல்லியல் துறையும் சேர்ந்து செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, ரயில் நிலையம், தேவாலயம், அஞ்சலகம் ஆகியவற்றில் மிஞ்சியிருக்கும் சுவர்களை உப்புக்காற்றிலிருந்து காக்கத் தகுந்த முறையில் வலுப்படுத்த வேண்டும். மேலே ஏறுவதையும் கற்களைப் பெயர்ப்பதையும் பெயர் கிறுக்குவதையும் தடுக்க வேண்டும். சிமென்ட் பூசிப் புதுக்கிவிடக் கூடாது. இரண்டாவது, 653 எண் ரயிலில் இறந்தவர்களில் பெயர் தெரிந்த அனைவரையும், முதலில் அந்த ஐந்து ஊழியர்களை, பெயர் சொல்லி நினைவுகூரும் கல்வெட்டு அங்கே வேண்டும். மூன்றாவது, அந்த நடைமேடை வழியாகத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களின் வரலாற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லும் பலகைகள் வேண்டும்.

நான்காவது, மண்டபத்தில் ஓர் அருங்காட்சியகம். இடப்பெயர்வு ஆவணங்களும், கப்பல் சீட்டுகளும், தகர வில்லைகளும், கடிதங்களும், குடும்பப் படங்களும் தமிழகத்திலும் மலையகத்திலும் வீடுகளில் சிதறிக் கிடக்கின்றன. ஒப்பாரிக் கோச்சியில் வந்தவர்களில் பலர் இன்று முதியவர்கள். அவர்களின் குரலைப் பதிவு செய்ய இனி அதிகக் காலம் இல்லை. பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் இந்த வேலையை இப்போதே தொடங்கலாம்; இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஐந்தாவது, இந்த வேலைகள் எதுவும் தனுஷ்கோடியில் இன்றும் வாழும் மீனவக் குடும்பங்களை அப்புறப்படுத்தும் சாக்காக மாறக் கூடாது. புயலுக்குப் பிறகும் அந்த மண்ணை விட்டுப் போகாதவர்கள் அவர்கள். நினைவிடத்தைக் காக்கும் பொறுப்பிலும் அதன் வருமானத்திலும் முதல் பங்கு அவர்களுக்கு உரியது.

2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது, பழைய பாலத்தின் பொறியியல் பெருமை நாடெங்கும் பேசப்பட்டது. அந்தப் பாலத்தின் மீது யார் போனார்கள் என்பது போதுமான அளவு பேசப்படவில்லை. பாலத்தையும் நிலையத்தையும் அவற்றைக் கட்டியவர்களின் சாதனையாக மட்டும் படிக்கும் வழக்கத்தை நம் பாடநூல்கள் மாற்றிக்கொள்ள வேண்டும். தனுஷ்கோடியைப் பற்றிய பாடத்தில் புயலுக்கு ஒரு பத்தி என்றால், அங்கே கப்பல் ஏறியவர்களுக்கும் ஒரு பத்தி வேண்டும்.

புயல் கொண்டுபோனதை யாராலும் மீட்க முடியாது. மறதி கொண்டுபோவதைத் தடுக்க முடியும். அடுத்த முறை தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் அந்தச் சுவர்களின் முன் நின்று, உடன் வரும் பிள்ளைகளுக்குப் புயலின் கதையோடு இந்தக் கதையையும் சொல்லுங்கள். அரசு பலகை வைக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.